சேனல் ஸ்ட்ரிப், கம்ப்ரஸர் பிளக்இன்கள்: குமரி எல்லைப்பக்க வீட்டு ஸ்டுடியோக்களுக்கான கேள்வி பதில்

பழைய மிக்ஸிங் கன்சோல்களின் குணத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் பிளக்இன்களில் (பதிவு மென்பொருளுக்குள் சேர்த்து ஓட்டும் கருவிகள்) எதை எடுப்பது, எதை எதோடு ஒப்பிடுவது என்று அடிக்கடி வரும் கேள்விகள் இவை. மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் ஒரே வாரத்தில் வில்லுப்பாட்டும் சர்ச் பாடகர் குழுவும் செண்டை மேளமும் ஒரே அறைக்கு வந்துபோகும். அதனால் உதாரணங்களும் அவற்றிலிருந்தே.

எஸ்.எஸ்.எல்., நீவ், ஏ.பி.ஐ. என்ற மூன்று நிறுவனங்களின் கன்சோல்களுக்கும் உண்மையிலேயே என்ன வேறுபாடு?

நீவ் 1073 என்பது 1970-இல் வந்த மைக் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய ஒலியைப் பெருக்குவது), ஈக்யூ (அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைப்பது) மாட்யூல். உள்ளே வரும் இடத்திலும் வெளியே போகும் இடத்திலும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அளவு ஏற ஏற முதலில் தடிப்பது கீழ்ச்சுருதிதான். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் சீக்கிரம் நிறைகிறது. ஈக்யூவில் மேல் பட்டை 12 கிலோஹெர்ட்ஸில் நிலையாக நிற்கும். நடுப்பட்டைக்கு 360 ஹெர்ட்ஸ், 700 ஹெர்ட்ஸ், 1.6, 3.2, 4.8, 7.2 கிலோஹெர்ட்ஸ் என்று ஆறே படிகள். கீழே 35, 60, 110, 220 ஹெர்ட்ஸ். நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஆனால் கெடுப்பதும் கடினம்.

ஏ.பி.ஐ. 550ஏ ஈக்யூவில் கூட்டும் குறைக்கும் அளவு 2, 4, 6, 9, 12 டெசிபல் படிகளில் போகும். கொஞ்சம் கூட்டினால் அகலமாகவும், நிறையக் கூட்டினால் குறுகலாகவும் வேலை செய்யும். தாளவாத்தியக்காரர்களுக்கு இது பிடித்துப்போகக் காரணம் அதுதான்.

எஸ்.எஸ்.எல். 4000 ஈ, 1979-இல் வந்தது. அதன் முக்கியச் சரக்கு ஒலியின் நிறமல்ல. ஒவ்வொரு சேனலிலும் கம்ப்ரஸர் (சத்தமான இடங்களை அமுக்குவது), கேட் (சத்தம் குறைந்தால் ஒலியை அடைப்பது), நான்கு பட்டை ஈக்யூ, மேலும் கீழும் ஃபில்டர் என்று முழுச் சமையலறையே இருந்தது. இந்த வரிசைதான் சேனல் ஸ்ட்ரிப். ஆகவே ‘எது இனிமை’ என்று இவற்றை ஒப்பிடுவதைவிட ‘எந்த வேலைக்கு எது’ என்று பார்ப்பதே பயன்.

1073 பிளக்இன் போட்டேன், கம்ப்ரஸரைக் காணோமே?

அசலிலும் கிடையாது. நீவ் கம்ப்ரஸர் வேண்டுமென்றால் 2254, 33609 ஆகியவற்றின் நகல்களைத் தேட வேண்டும். 1073 படத்தோடு கம்ப்ரஸரும் சேர்த்து வரும் பிளக்இன்களில் அந்தப் பகுதி தயாரிப்பாளர் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியது. அதனால் தரம் குறைந்ததென்று அர்த்தமில்லை. பெயரை நம்பி ஒப்பிடக் கூடாது, அவ்வளவே.

இரண்டு பிளக்இன்களை நேர்மையாக ஒப்பிடுவது எப்படி?

முதலில் ஒலி அளவைச் சமன் செய்யுங்கள். அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதை ‘உரம்’, ‘தெளிவு’ என்று சொல்லிவிடும். எஸ்.எஸ்.எல். சேனல் கம்ப்ரஸரில் இந்தப் பொறி உள்ளேயே இருக்கிறது. மேக்கப் கெயின் (அமுக்கியதை ஈடுகட்ட ஏற்றும் அளவு) தானாக ஏறும். த்ரெஷோல்டை (அமுக்கத் தொடங்கும் அளவு) இறக்கி ரேஷியோவை (அமுக்கும் விகிதம்) கூட்டக் கூட்ட சத்தமும் கூடிக்கொண்டே போகும். ‘எஸ்.எஸ்.எல். போட்டதும் பாட்டு முன்னால் வந்து நிற்கிறது’ என்பவர்களில் பாதிப்பேர் கேட்பது இப்படித் தானாக ஏறிய டெசிபலைத்தான்.

செய்முறை இது. பாட்டில் சத்தம் ஏறி இறங்கும் 10 விநாடியை வெட்டி லூப்பில் போடுங்கள். டிராக்கை இரண்டு நகல் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு பிளக்இன் வையுங்கள். இரண்டிலும் கெயின் குறைப்பு மீட்டர் சராசரியாக ஒரே அளவைக் காட்டும் வரை, உதாரணமாக 4 டெசிபல், த்ரெஷோல்டைத் திருப்புங்கள். கடைசியில் யூலீன் லவுட்னஸ் மீட்டர் போன்ற ஒன்றை வைத்து இரண்டின் சராசரியும் 0.2 டெசிபலுக்குள் வரும்படி அவுட்புட்டைச் சரிசெய்யுங்கள். மீட்டர் பிளக்இன்னின் இலவசப் பதிப்பே இதற்குப் போதும்.

பிறகு திரையைப் பார்க்காமல் திரும்பி உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர் மாற்றி மாற்றி ஒலிக்கவிட, பத்து முறை ஊகியுங்கள். எட்டு சரியென்றால்கூட அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க 5 சதவீதத்துக்கு மேல் வாய்ப்புண்டு. ஒன்பதோ பத்தோ சரியென்றால் உங்கள் காதுக்கு வேறுபாடு கேட்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். ஆறு, ஏழு என்றால் மலிவானதை வாங்குங்கள்.

ஒன்றின் ஃபேஸைத் திருப்பிப் போட்டு (அலையைத் தலைகீழாக்கி) இரண்டையும் சேர்த்தால் மிச்சம் என்ன என்று பார்க்கும் நல் டெஸ்டும் உண்டு. ஈக்யூவுக்கு அது சரி. கம்ப்ரஸருக்கு நேர அமைப்பு இம்மி மாறினாலும் நிறைய மிச்சம் கேட்கும். காதால் பிரித்தறிய முடியாத வேறுபாடுகூட மிச்சத்தில் பூதமாகத் தெரியும். இரைச்சலை ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்கும் பிளக்இன் தன்னோடு தானேகூட முழுதாகக் கழியாது.

விலை உயர்ந்த பிளக்இன்னில்கூடக் கரகரப்பு வருகிறதே?

ஓவர்சாம்ப்ளிங் (உள்ளே பல மடங்கு சாம்பிள் ரேட்டில் கணக்கிடும் வசதி) அணைந்திருக்கலாம். சோதிப்பது எளிது. புராஜெக்டை 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, 10 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையை பிளக்இன்னுக்குள் சற்று அழுத்திக் கொடுத்து ஸ்பெக்ட்ரம் பாருங்கள். 20 கிலோஹெர்ட்ஸில் கோடு தெரிந்தால் அது இயல்பான இரண்டாம் ஹார்மானிக் (மூல அதிர்வெண்ணின் இரு மடங்கு). மூன்றாவது 30-இல் விழ வேண்டும். 48-இல் பாதியான 24-க்கு மேல் இடமில்லாததால் மடங்கி 18-இல் தெரியும். நான்காவது 40-க்குப் பதில் 8 கிலோஹெர்ட்ஸில் வந்து நிற்கும். அந்த 8-தான் ஜால்ராவிலும் வில் மணியிலும் கேட்கும் கரகரப்பு. ஓவர்சாம்ப்ளிங்கை 4 மடங்கு போட்டால் பெரும்பாலும் அடங்கும். தாழ்ந்த குரலுக்கு இந்தக் கவலை அதிகம் வேண்டாம்.

எவ்வளவு அளவில் உள்ளே கொடுக்க வேண்டும்?

பெரும்பாலான நகல்கள் மைனஸ் 18 டி.பி.எஃப்.எஸ். (டிஜிட்டல் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே) என்பதை வி.யு. மீட்டரின் (சராசரி அளவு காட்டும் முள் மீட்டர்) பூஜ்யமாக வைத்துச் செய்யப்பட்டவை. உங்கள் பிளக்இன்னின் கையேட்டில் அந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுங்கள். குரல், ஹார்மோனியம், நாதஸ்வரம் போன்ற நீளும் ஒலிகளுக்குச் சராசரி அந்த அளவில் நிற்கட்டும்.

உடுக்கைக்கும் செண்டைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. வி.யு. முள் மந்தமானது, முள் பாதி ஏறுவதற்குள் அடி முடிந்திருக்கும். முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் பார்த்தால் உச்சம் வெட்டுப்படும். அவற்றுக்கு உச்சத்தைப் பார்த்து மைனஸ் 10 முதல் மைனஸ் 6-க்குள் வையுங்கள்.

வில்லுப்பாட்டுக்கு எஸ்.எஸ்.எல். சேனலை எப்படி அமைப்பது?

இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். தலைமைப் புலவரின் குரல், பின்பாட்டு, உடுக்கை, குடம், ஜால்ரா, வில் எல்லாம் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பதால் எந்த மைக்கிலும் எல்லாமே கேட்கும்.

குரல்: ஹைபாஸ் (கீழ்ச்சுருதியை வெட்டும் ஃபில்டர்) 90 ஹெர்ட்ஸ், ரேஷியோ 3, ரிலீஸ் (கம்ப்ரஸர் பிடியை விடும் நேரம்) 0.3 விநாடி, 4 முதல் 6 டெசிபல் குறைப்பு. இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று. வேவ்ஸ் நிறுவனத்தின் எஸ்.எஸ்.எல். நகலான ஈ-சேனலில் பொத்தான் எதையும் தொடாவிட்டால் கம்ப்ரஸருக்குப் பிறகுதான் ஃபில்டர். மேடைப் பலகையின் அதிர்வு, குடத்தின் கும்மென்ற காற்று எல்லாம் ஃபில்டருக்கு முன்பே கம்ப்ரஸரை இழுத்துவிடும். குடம் அடிக்கும்போதெல்லாம் குரல் பம்மும். ஸ்ப்ளிட் பொத்தானை அழுத்தினால் ஃபில்டர் முன்னால் வந்துவிடும். மற்ற நிறுவனங்களின் பிளக்இன்களில் இந்த வரிசை வேறு வேறாக இருக்கும், அதையும் பாருங்கள்.

இன்னொன்று. 6 டெசிபல் அமுக்கி மேக்கப்பில் 6 ஏற்றினால், புலவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் வில் மணி 6 டெசிபல் உயர்ந்து கேட்கும். கேட் போட்டு அடைக்கலாம் என்று தோன்றும். ரேஞ்சை (எவ்வளவு இறக்குவது என்ற அளவு) 40 வரை திருப்பினால் மணி விட்டுவிட்டுக் கேட்டு, ரேடியோ அலைவரிசை நழுவுவதுபோல் ஆகிவிடும். எக்ஸ்பேண்டராக (அடைக்காமல் மெல்ல இறக்கும் முறை) வைத்து ரேஞ்ச் 6 முதல் 8, ரிலீஸ் 0.5 விநாடி போதும். கம்ப்ரஸர் ஏற்றியதை மட்டும் அது திருப்பி இறக்கும்.

உடுக்கை: நாடாவை அழுத்தி அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்குவதுதான் அதன் உயிர். ஓரிடத்தில் ‘டொய்ங்’ என்கிறதே என்று அங்கே குறுகலாக வெட்டினால், சுருதி அந்த வழியாகப் போகும் அடிகள் மட்டும் தொண்டை கட்டியதுபோல் கேட்கும். அகலமாக 2, 3 டெசிபலுக்கு மேல் தொடாதீர்கள். எஸ்.எஸ்.எல்.-இல் ஃபாஸ்ட் அட்டாக் (கம்ப்ரஸரை உடனே பிடிக்கவைக்கும்) பொத்தானை அணைத்தே வையுங்கள். போட்டால் விரல் தோலில் படும் முதல் ‘டக்’ போய்விடும்.

குடம்: உள்ளே இருக்கும் காற்று குடத்தின் கொள்ளளவுக்கும் வாயளவுக்கும் ஏற்ப ஓர் அதிர்வெண்ணில் முழங்கும். குடத்துக்குக் குடம் அது மாறும் என்பதால் எண்ணைச் சொல்லிப் பயனில்லை. கீழ்ப்பட்டையை பெல் முறையில் (ஓரிடத்தை மட்டும் தொடும் வளைவு) வைத்து 6 டெசிபல் கூட்டி, மெதுவாக மேலே தேடுங்கள். முழக்கம் பொங்கும் இடம் கிடைத்ததும் கூட்டியதைக் குறையாக மாற்றினால் போதும். குடத்துக்கு ரிலீஸை மிகக் குறைக்காதீர்கள். 60 ஹெர்ட்ஸ் அலையின் ஒரு சுற்று சுமார் 17 மில்லி விநாடி. ரிலீஸ் அதன் பக்கத்தில் வந்தால் கம்ப்ரஸர் அலையின் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாக அமுக்கத் தொடங்கி, முழக்கம் உடைந்த ஸ்பீக்கர்போல் கேட்கும். 1176 என்ற கம்ப்ரஸரின் நகலில் இது இன்னும் சுலபமாக நடக்கும். அதன் ரிலீஸ் 50 மில்லி விநாடி வரை இறங்கும், அட்டாக்கும் மைக்ரோ விநாடிக் கணக்கு. போதாததற்கு அதன் நாப்கள் தலைகீழ்: 7-தான் மிக வேகம், 1 மிக மெதுவு.

செண்டை மேளத்துக்கு பஸ் கம்ப்ரஸர் போட்டால் மொத்தமும் மூச்சு வாங்குகிறது. ஏன்?

பஸ் என்பது பல டிராக்குகள் ஒன்றுசேரும் தடம். அதில் எஸ்.எஸ்.எல். கன்சோலின் நடுப்பகுதி கம்ப்ரஸரின் நகல்தான் பலர் போடுவது. ரேஷியோ 2, 4, 10. அட்டாக் 0.1, 0.3, 1, 3, 10, 30 மில்லி விநாடி. ரிலீஸ் 0.1, 0.3, 0.6, 1.2 விநாடி, பிறகு ஆட்டோ. மேளத்தில் இரண்டு சிக்கல் வருகிறது.

முதலாவது வலந்தலை. தாளம் பிடிக்கும் அந்தத் தடித்த ஓசையில் தாழ்ந்த ஆற்றல் மிகுதி. கம்ப்ரஸர் அதற்குத்தான் பதில் சொல்கிறது. ஒவ்வொரு வலந்தலை அடிக்கும் இலத்தாளமும் கொம்பும் சேர்ந்து பதுங்கும். சைட்செயினில் (கம்ப்ரஸர் அளவைக் கேட்கும் வழி) ஹைபாஸ் உள்ள பிளக்இன்னை எடுத்து 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை வையுங்கள். அசல் கன்சோலில் இந்த வசதி இல்லை. ‘அசலைப்போலவே’ என்று விளம்பரம் செய்யும் பழைய நகல்களிலும் இருக்காது. மேளத்துக்கு அந்த அசல்தன்மை வேண்டியதில்லை.

இரண்டாவது சிக்கல், காலம் என்னும் வேகநிலை. பஞ்சாரி மேளம் முதற்காலத்தில் 96 அட்சரத்தில் தொடங்கி 48, 24, 12, 6 என்று பாதிபாதியாக இறங்கும். முதற்காலத்துக்குப் பொருந்திய 0.6 விநாடி ரிலீஸ் கடைசிக் காலத்தில் ஒருபோதும் முழுதாக விடுபடாது. அடிகளுக்கிடையே மீட்டர் முள் திரும்பவே நேரமிருக்காது. உச்சக்கட்டம் வரும்போது மேளம் சிறுத்துப்போவதாகக் கேட்பதன் காரணம் இதுவே. ஆட்டோ ரிலீஸ், அட்டாக் 30, ரேஷியோ 2, குறைப்பு 2 டெசிபலுக்கு மிகாமல். அதற்கு மேல் வேண்டுமென்றால் காலம் மாறும் இடங்களில் வெட்டித் தனித்தனி அமைப்பு கொடுங்கள். ஃபேடரைக் கையால் ஓட்டுவது இன்னும் நல்லது.

எஸ்.எஸ்.எல்.-இல் ஈ-யா, ஜி-யா? பிரவுன் நாப், பிளாக் நாப் என்றெல்லாம் சொல்கிறார்களே?

பிரவுனும் பிளாக்கும் ஈ வரிசையின் ஈக்யூ வகைகள். கீழ்ப்பட்டை நாப்பின் மூடி நிறத்தால் பெயர். பிரவுன் முந்தியது. ஜி வரிசை 1987-இல் வந்தது. அதில் குறைவாகக் கூட்டினால் வளைவு அகலம், அதனால் முழு மிக்ஸில் லேசாகத் தடவ ஏற்றது. குறிப்பிட்ட இடத்தைப் பிடித்து வெட்டவேண்டிய தனி டிராக்குகளுக்கு ஈ. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஈ.

சேனலுக்குச் சேனல் சிறு வேறுபாடு தரும் பிளக்இன்கள் தேவையா?

பிரைன்வொர்க்ஸ் பி.எக்ஸ். கன்சோல் வரிசையில் 72 சேனல்கள் வரை சற்றே மாறிய உறுப்பு மதிப்புகளோடு கிடைக்கும். ஸ்டீரியோவில் இடமும் வலமும் வேறு சேனலாகும்போது கொஞ்சம் அகலம் கேட்கலாம். எட்டு டிராக் வில்லுப்பாட்டில் யாரும் கவனிக்கப்போவதில்லை.

அதைவிடக் கவனிக்க வேண்டியது இரைச்சல் நாப். 24 டிராக்கிலும் அதை விட்டுவைத்தால் இரைச்சல் கிட்டத்தட்ட 14 டெசிபல் கூடும். சில பிளக்இன்களில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சார ஹம்மும் சேர்த்தே வரும். நம் ஊர் மின்சாரம் அதை இலவசமாகவே தருகிறது, அணைத்துவிடுங்கள்.

சர்ச் பாடகர் குழுவுக்கு?

33609 நகல், ரேஷியோ 1.5 அல்லது 2, தானியங்கி ரெகவரி (ரிலீஸ்தான்), 2 டெசிபல் குறைப்பு. நால்வகைக் குரலில் சோப்ரானோ மட்டும் உச்சத்தில் குத்தினால் முழுக் குழுவையும் அமுக்காமல் அந்த மைக்கை மட்டும் எல்.ஏ.-2ஏ என்ற கம்ப்ரஸரின் நகலில் விடுங்கள். அதன் ரிலீஸ் பாதி வரை 60 மில்லி விநாடியில் திரும்பி, மிச்சத்துக்குப் பல விநாடி எடுத்துக்கொள்ளும். நீண்ட வரிகளைப் பாடும் குரலுக்கு அந்தச் சோம்பல் பொருந்துகிறது. உடுக்கைக்கு அறவே பொருந்தாது.

இடவப்பாதி மழையில் தகர ஷீட் சத்தம் எல்லாப் பதிவிலும் வருகிறது. கேட் உதவுமா?

உதவாது. கேட் திறக்கும்போது மழையும் சேர்ந்தே வரும். மழை விட்டபிறகு பாடவையுங்கள்.

பாடும்போதே ஹெட்ஃபோனில் பிளக்இன் வழியாகக் கேட்கலாமா?

48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கணினி ஒருமுறையில் சேர்த்து எடுக்கும் ஒலித்துண்டு) என்றால் ஒரு திசைக்கு 2.7 மில்லி விநாடி, சமாளிக்கலாம். 1024 என்றால் 21, தாளம் தப்பும். ஓவர்சாம்ப்ளிங் இதன்மேல் இன்னும் தாமதம் சேர்க்கும். பதிவு நேரத்தில் ஓவர்சாம்ப்ளிங்கை அணைத்து, சேனலில் ஒரே ஒரு லேசான பிளக்இன்னோடு நிறுத்துங்கள். மிக்ஸ் செய்யும்போது பஃபரை ஏற்றிக்கொள்ளலாம்.

இலவசமாக என்ன கிடைக்கும்?

அனலாக் அப்செஷன் தரும் பிரிட்சேனல், சான்நெவ், பஸ்டர்-எஸ்.இ., லாலா ஆகியவை நன்கொடை முறையில் இலவசம். டி.டி.ஆர். கோட்டெல்நிகோவ் என்ற கம்ப்ரஸர் எந்தக் கன்சோலின் நகலுமல்ல. ஆனாலும் மேளத்தின் பஸ்ஸில் பல நகல்களைவிட ஒழுங்காக நடந்துகொள்ளும். மேலே சொன்ன ஊகச் சோதனையில் இவற்றையும் கலந்து வையுங்கள். விலை தெரியாதபோது காது வேறுமாதிரி கேட்கும்.

லைசென்ஸ் விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஐலாக் (லைசென்ஸ் பூட்டு) கேட்கும் பிளக்இன்களில் கிளவுட் முறை வேண்டாம். அது இணையம் தொடர்ந்து இருந்தால்தான் ஓடும். காற்றடித்து கேபிள் அறுந்தால் பாதி பதிவில் பிளக்இன் நின்றுவிடும். கணினியிலோ தனி யு.எஸ்.பி. ஐலாக்கிலோ ஏற்றுங்கள். வேவ்ஸ் லைசென்ஸைச் சாதாரண பென் டிரைவிலும் வைக்கலாம். பட்டியல் விலை கொடுத்து எதையும் வாங்காதீர்கள். நவம்பர் கடைசியில் பெரும்பாலானவை பாதிக்கும் கீழே வரும்.

திருவனந்தபுரத்தில் வேறொருவர் மிக்ஸ் செய்கிறார். அவரிடம் இந்தப் பிளக்இன்கள் இல்லை. என்ன அனுப்புவது?

ஒவ்வொரு டிராக்கையும் இரண்டு முறை எழுதுங்கள்: பிளக்இன் ஏதுமில்லாத பச்சை, உங்கள் அமைப்போடு வெந்தது. 24 பிட், பதிவு செய்த அதே சாம்பிள் ரேட், எல்லாக் கோப்பும் பூஜ்ய விநாடியிலிருந்தே தொடங்க வேண்டும். பஸ் கம்ப்ரஸர் போட்ட ஸ்டீரியோ மிக்ஸ் ஒன்றை அளவு பார்க்க மட்டும் தனியாகச் சேர்க்கலாம். குரலின் வெந்த கோப்பில் எக்ஸ்பேண்டர் ரேஞ்ச் எத்தனை டெசிபல் என்று பெயரிலேயே குறித்துவிட்டால், மணி ஏன் இப்படிக் கேட்கிறது என்று அவர் போன் செய்ய வேண்டியிருக்காது.